யோக்கிலா, ஜன்னலிலா, தொடையிலா?

சிறிய விமானத்தில் ஐபேட் வைத்துக்கொண்டு பறக்க விரும்புகிறவர்கள் முதலில் கேட்பது எந்த ஆப் நல்லது என்பதைத்தான். அதை எங்கே மாட்டுவது என்று கேட்பவர்கள் குறைவு. விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் எனக்கு இரண்டாவது கேள்விதான் பெரிது. ஆப் பிடிக்காவிட்டால் அடுத்த மாதம் மாற்றிக்கொள்ளலாம். மாட்டுகிற இடம் தப்பென்றால் கை, கால், கண் மூன்றுக்கும் இடைஞ்சல்.

நான் பறப்பது சான் ஹோசேயில் உள்ள ரீட்-ஹில்வியூ என்ற சின்ன விமான நிலையத்திலிருந்து. கூப்பிடு தூரத்தில் சான் ஹோசே சர்வதேச விமான நிலையம். வடக்கே சான் பிரான்சிஸ்கோவின் பெரிய விமான நிலையம். அந்த சான் பிரான்சிஸ்கோ நிலையத்தின் வான்வெளி, கொலுப்படியைத் தலைகீழாகத் தொங்கவிட்ட மாதிரி, வெளியே போகப் போக உயரும் அடுக்குகளாக 10,000 அடி வரை இருக்கிறது. அனுமதி வாங்காமல் அதற்குள் நுழையக் கூடாது. 1:5,00,000 அளவில் அச்சிட்ட வரைபடத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, கீழே தெரிகிற சாலையையும் ஏரியையும் பார்த்து, எந்தப் படிக்கு அடியில் இருக்கிறோம் என்று கணக்குப் போட்ட காலம் எனக்கு நினைவிருக்கிறது. இப்போது அதே வரைபடத்தின்மேல் நம் விமானத்தின் சின்னம் நகர்கிறது. ஐபேட் 2010இல் வந்தது. சில ஆண்டுகளிலேயே பைலட்டுகளின் பையில் காகிதத்தின் இடத்தைப் பிடித்துவிட்டது. (வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: சிம் வசதி இல்லாத வைஃபை மாடலில் ஜிபிஎஸ் கிடையாது. தனி ரிசீவர் வாங்க வேண்டியிருக்கும்.)

ஆனால் 1956இல் சந்தைக்கு வந்த செஸ்னா 172-இன் காக்பிட் அன்று இருந்த அகலத்தில்தான் ஏறக்குறைய இன்றும் இருக்கிறது. இரண்டு பேர் உட்கார்ந்தால் தோளோடு தோள் உரசும். இதற்குள் ஐபேடை எங்கே வைத்தாலும் வேறு எதையாவது மறைக்கும், அல்லது தடுக்கும். எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து மாட்ட வேண்டும்.

பலர் தேர்ந்தெடுப்பது யோக். காரில் ஸ்டீயரிங் இருக்கிற இடத்தில் இருக்கும் கைப்பிடி அது; திருப்பினால் விமானம் சாயும், இழுத்தால் மூக்கு உயரும். அதன் நடுத்தண்டில் ஒரு கிளாம்ப், அதன்மேல் ரப்பர் பூசிய ஒரு அங்குல உருண்டை, சின்னக் கை, ஐபேடை நான்கு மூலையிலும் கவ்வுகிற எக்ஸ் வடிவப் பிடி. பார்க்க அழகாக இருக்கும். கண் தாழ்ந்தால் வரைபடம், நிமிர்ந்தால் கருவிகள், இன்னும் நிமிர்ந்தால் வெளியே. இதைவிட என்ன வேண்டும்?

மாட்டி முடித்ததும் இன்ஜினைத் தொடுவதற்கு முன்பே மாணவரிடம் சொல்வேன்: “யோக்கை முழுக்க இடது பக்கம் திருப்பி, அப்படியே வயிறு வரைக்கும் இழுங்க தம்பி.” பாதி தூரம் இழுத்துவிட்டு நிறுத்துவார். “இன்னும்.” அப்போதுதான் தெரியும். யோக்கை இடது பக்கம் திருப்பும்போது ஐபேடின் அடிப்பகுதி வலது பக்கம் சுழன்று வரும். “தொடையில இடிக்குது சார்.” இந்த நிலை வெறும் சோதனைக்கான நிலை அல்ல. இடப்பக்கமிருந்து காற்று அடிக்கும்போது ரன்வேயில் இறங்கினால், சக்கரம் தரையைத் தொடுகிற நேரத்தில் யோக் கிட்டத்தட்ட இங்கேதான் வரும். ஐபேட் தடுத்தால் கட்டுப்பாடு அங்கேயே முடிந்தது. ஆகவே கையைக் குட்டையாக்கி, ஐபேடைக் கொஞ்சம் மேலே ஏற்றி, மறுபடியும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒல்லியான மாணவருக்குப் பொருந்தியது அடுத்தவருக்குப் பொருந்தாது; இருக்கையை ஓர் அங்குலம் முன்னால் தள்ளினாலே கதை மாறிவிடும்.

இதனால்தான் யோக்குக்கு ஐபேட் மினி மட்டும் என்று பிடிவாதமாக இருக்கிறேன். எடை 300 கிராம் அளவுக்குள். பெரியதை மாட்டினால் அதற்குப் பின்னால், பேனலின் இடது கீழ் ஓரத்தில் இருக்கிற மாஸ்டர் சுவிட்சும் இக்னிஷன் சாவியும் மறையும். புகை வந்தால் முதலில் கை போக வேண்டிய இடங்களில் ஒன்று மாஸ்டர் சுவிட்ச். பதின்மூன்று அங்குலத் திரையை வாங்கி வந்து ஆசையோடு காட்டுகிறவர்களின் முகத்தைப் பார்த்து இதைச் சொல்வது கொஞ்சம் சங்கடம்தான்.

ஜன்னலில் ஒட்டுகிற சக்‌ஷன் கப் அடுத்த வழி. அதைக் கண்ணாடியோடு அழுத்திப் பிடித்திருப்பது வெளிக்காற்றின் அழுத்தம். 10,000 அடியில் அந்த அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 70 சதவீதம்தான். கீழே கல் மாதிரி நின்றது மேலே போனதும் தளர்ந்தால் வியக்க ஒன்றுமில்லை. கண்ணாடி என்று சொல்கிறோமே தவிர அது வளைந்த அக்ரிலிக். தூசு இருந்தாலும் பிடிக்காது. பைப்பர் பிஏ-28 வகை விமானங்களில் இடது ஜன்னல் பைலட்டுக்கு வசதியாகத் தெரியும். ஆனால் இடப்பக்கம் வருகிற விமானத்தைப் பார்க்க வேண்டிய ஜன்னலும் அதுதான். போதாக்குறைக்கு அந்த விமானத்துக்கு ஒரே கதவு, அதுவும் வலப்பக்கம். அவசரத்தில் பைலட் கடைசியாகத்தான் வெளியேற முடியும். குறுக்கே சார்ஜர் வயர் தொங்கினால் பயணியின் காலிலும் சிக்கும், நம் காலிலும் சிக்கும்.

கழன்று விழுந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு வாயேஜர் கதையைச் சொல்வேன். 2014 பிப்ரவரியில் பிரிட்டிஷ் விமானப்படையின் அந்தப் பெரிய விமானம் ஆப்கானிஸ்தான் போகும் வழியில் திடீரென்று 4,400 அடி சரிந்தது. கேப்டனின் கேமரா, இருக்கையின் கைத்தாங்கிக்கும், யோக்குக்குப் பதிலாகப் பக்கத்தில் இருக்கும் சைட்ஸ்டிக்குக்கும் நடுவே இருந்திருக்கிறது. இருக்கை முன்னால் நகர்ந்ததும் கேமரா ஸ்டிக்கை முன்னால் தள்ளிவிட்டது. அவ்வளவு பெரிய விமானத்திலேயே அப்படி. செஸ்னாவில் ஐபேட் விழுகிற இடம் காலால் மிதிக்கிற ரட்டர் பெடல்கள். அதனால் சக்‌ஷன் கப் மாட்டினால் ஒரு கயிற்றாலும் கட்டிவைக்கச் சொல்கிறேன்.

தொடையில் கட்டிக்கொள்வது எளிது, மலிவும்கூட. பகலில், தெளிவான வானத்தில் குறை சொல்ல மாட்டேன். மேகத்துக்குள் திரும்பிக்கொண்டிருக்கும்போது தலையைச் சட்டென்று குனிந்தால் உள்காதின் திரவம் குழம்பி, விமானம் உருளுகிற மாதிரி ஒரு பொய்யுணர்வு வரும். கொரியாலிஸ் மாயை என்பார்கள். அங்கே எனக்குத் தொடை வேண்டாம்.

இனி வெயில். ஐபேடை 0 முதல் 35 டிகிரி வரையில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். ஜூலையில் ஃப்ரெஸ்னோ பக்கம் போனால் தரையிலேயே 40 டிகிரி. நேர் வெயில் பட்டால் திரை முதலில் மங்கும். பிறகு கறுத்து, சூடு ஆறட்டும் என்று ஓர் அறிவிப்பு மட்டும் நிற்கும். தோல் உறையைக் கழற்றிவிட்டு, முதுகு திறந்திருக்கும் எக்ஸ் பிடியில் வைத்தால் தாங்கும். செஸ்னாவில் முன்கண்ணாடியின் மேல்மூலையில் இழுத்துத் திறக்கிற காற்றுக்குழாய் இருக்கிறது. அதை ஐபேடின் பக்கம் திருப்புவேன். எனக்கு வியர்த்தாலும் பரவாயில்லை. சார்ஜ் ஏறும்போதும் சூடாகும் என்பதால் புறப்படும் முன்பே முழுக்க ஏற்றிவிடுவது நல்லது. இத்தனைக்கும் பிறகு அதே வரைபடங்கள் உள்ள போன் பையின் நிழலில் இருக்கும்.

சின்னச் சின்னதாக இன்னும் சில. ஐபேடின் மூடியிலும் உடம்பிலும் காந்தங்கள் உண்டு. திசைகாட்டியின் அருகே கொண்டுபோனால் அது தடுமாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். போலரைஸ்டு கூலிங்கிளாஸ் போட்டால் திரை ஒரு கோணத்தில் இருட்டிவிடும். ஆட்டத்தில் விரல் வேறு பட்டனில் படும். பெருவிரலையும் நடுவிரலையும் ஐபேடின் ஓரத்தில் ஊன்றிக்கொண்டு ஆட்காட்டி விரலால் தொட்டால் தப்பாது.

சொந்த விமானம் வைத்திருக்கும் சிலர் பேனலிலேயே துளை போட்டு, அளவெடுத்த சட்டம் பொருத்தலாமா என்று கேட்கிறார்கள். கிளாம்ப் என்றால் கழற்றிவைக்கிற சாமான். துளை போட்டால் அது விமானத்தில் செய்த மாற்றம். மெக்கானிக்கின் கையெழுத்தும் பதிவேடும் வேண்டும். அதையும் செய்யலாம்தான். ஆனால் 2021இல் ஐபேட் மினியின் உயரத்தை ஆப்பிள் எட்டு மில்லிமீட்டர் அளவுக்குக் குறைத்தபோது, பழைய மினிக்கு அளவெடுத்துச் செய்த சட்டங்களில் புதியது சரியாக உட்காரவில்லை. எக்ஸ் பிடி வைத்திருந்தவர்கள் பழையதைக் கழற்றிப் புதியதைக் கவ்வவிட்டார்கள். யோக்கை மறுபடி ஒரு தரம் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்கள்.