காணோம் என்றால் தேடுவோம், கதை கட்ட வேண்டாம்

பிடோக்கிலிருந்து கோயில் தொண்டர்கள் நாங்க எழுதுகிறோம்.

2012 ஜூலை 24. அமெரிக்காவின் மேரிலாந்தில், தொடர்ந்து 2,632 பேஸ்பால் ஆட்டம் ஆடிப் பேர் வாங்கிய கால் ரிப்கனின் தாயார், 74 வயது, வீட்டில் துப்பாக்கி முனையில் கடத்தப்பட்டார். மறுநாள் காலை, வீட்டுக்குப் பக்கத்திலேயே அவருடைய சொந்தக் காரில், கை கட்டப்பட்டு, உயிரோடு கிடைத்தார். யாரும் பணம் கேட்கவில்லை. மகன் வெகுமதி அறிவித்தும் பல வருஷம் ஆள் சிக்கவில்லை.

இப்படி விடை தெரியாத இடத்தில்தான் வாய் நீளும். பிரபலம் வீடு என்றால் ஊரே பேசும். நம்ம பிளாக்கில் ஒரு தாத்தா காணோம் என்றால் வாட்ஸாப் பேசும்: "மருமக துரத்திட்டா." மனுஷன் மறதி நோயில் ஏதோ பஸ் ஏறிப் போயிருப்பார். அவர் திரும்பி வந்த பிறகும் அந்தப் பேச்சு மருமகளோடு தினமும் லிஃப்டில் ஏறும்.

காணோம் என்றால் 24 மணி நேரம் காத்திருக்காதீங்க, உடனே போலீசுக்குச் சொல்லுங்க. மறதி நோய் உள்ளவர் என்றால் டிமென்ஷியா சிங்கப்பூரின் காரா செயலியிலும் தெரிவிக்கலாம். மற்றவங்க படம், உடுத்திய துணி, கடைசியாகப் பார்த்த இடம், நேரம் மட்டும் அனுப்புங்க. கிடைத்ததும் படத்தை அழிச்சிடுங்க.

பிளாக் அடியில், காப்பிக் கடையில், பஸ் நிலையத்தில் தனியாகத் திகைத்து நிற்கும் பெரியவரிடம் "சாப்பிட்டீங்களா?" என்று கேளுங்க. அதுவும் சாமிக்குச் செய்யும் தொண்டுதான்.