வெண்புள்ளி

ஞாயிற்றுக்கிழமை காலையில் மோட்டார் சைக்கிளைக் கழுவுவது எமது வீட்டில் ஏறக்குறைய ஒரு விரதம். கிளிநொச்சியிலிருந்து உள்ளே செல்லும் செம்மண் வீதியில் ஆறு நாள் ஓடிய வண்டி, ஏழாம் நாள் தன் நிறம் இன்னதென்று தானே மறந்து நிற்கும். புழுதியைப் போக்குவது பெரிய வித்தையன்று. வாளியும் துணியும் பொறுமையும் உள்ள எவர்க்கும் அது கைகூடும். எம்மை நெடுநாள் வருத்தியவை, கழுவி முடித்த பின்னர் பெற்றோல் தாங்கியின் மேல் அம்மைத் தழும்புபோல் எழும் வெண்புள்ளிகள்.

எமது தந்தையாருக்கு இக்கவலை இருந்ததில்லை. அவர் வைத்திருந்தது எம்.டி. 90, ஜப்பானில் தபாற்காரர் ஓட்டுவதற்கென ஹொண்டா நிறுவனத்தார் செய்த சிவப்பு வண்டி. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியிற் பெற்றோல் மருந்துபோலத் துளித்துளியாகவே கிடைத்தது. சில துளி பெற்றோலில் எஞ்சினை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். அது கக்கும் கரும்புகையில் வண்டியின் பின்புறமும், பின்னாலிருப்பவர் வேட்டியும் ஒரே நிறமாகும். சவர்க்காரமும் அரிதாயிருந்தமையால், எம் அன்னையார் பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்த நாட்கள் அவை. அக்காலத்தில் வண்டிக்குப் பளபளப்பு வேண்டுமென்று யார் கேட்பார்? அந்தச் சிவப்பு வண்டி, 2009ஆம் ஆண்டு நாம் இடம்பெயர்ந்த வழியில் எங்கோ நின்றுவிட்டது. தந்தையாரும் இப்பொழுது இல்லை. இன்று எம்மிடம் உள்ளது, மீள்குடியேறிச் சில ஆண்டுகளின் பின்னர் பழையதாக வாங்கிய கறுப்பு வண்டி. கறுப்பு நிறமோ எதனையும் மறைக்கத் தெரியாத நிறம்.

புள்ளியின் பிறப்பை அறியச் சமையலறைக்குச் செல்லுதல் போதும். கேத்தலின் அடியிற் சுண்ணாம்புபோற் படிந்திருக்கும் வெள்ளைப் பொருக்கும், தாங்கியின் மேலுள்ள புள்ளியும் ஒரு தாய் மக்கள். வன்னி முழுவதும் ஒரே நீர் என்று சொல்வதற்கில்லை. எனினும் எமது கிணற்று நீர் வன்னீர். அதிற் கல்சியம் முதலிய உப்புக்கள் கண்ணுக்குத் தெரியாமற் கரைந்துள்ளன. ஒரு துளி வெயிலிற் காயும்பொழுது நீர் மட்டுமே ஆவியாகும்; உப்பு, துளியின் விளிம்பில் வளையமாகத் தங்கிவிடும். ஆகவே எத்தனை வாளி வார்த்தாலும் பயனில்லை. கடைசி வாளியும் அதே கிணற்று நீர்தானே!

இதனை அறியாத காலத்தில், நண்பகல் வெயிலில், ஓடிவந்த சூடு ஆறுமுன்னரே கழுவுவோம். சுட்ட இரும்பில் விழுந்த துளி துடைக்கும் வரை காத்திராது. இப்பொழுது விடியற்காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கையில், கொட்டிலின் நிழலிலே தொடங்குகிறோம். முதலிற் புழுதியைத் தொடாமல் நீர் வார்த்து ஊறவிடுதல் வேண்டும். உலர்ந்த மணலைத் துணியால் தேய்த்தால் அது நிறப்பூச்சில் ஆயிரம் கீறல் இட்டுவிடும். பின்னர், சவர்க்கார நீர் ஒரு வாளியிலும் துணி அலசும் நீர் வேறொரு வாளியிலுமாக, மேலிருந்து கீழே வருதல் வேண்டும்; சில்லுகளையும் செயினையும் கடைசியாகத் தொடவேண்டும்; அவற்றைத் துடைத்த துணி மீண்டும் தாங்கிக்கு ஏறுதல் ஆகாது.

இனித் துடைத்தல். பட்டணத்திற் பதமிட்ட தோலும் பஞ்சுத்துணியும் விற்கிறார்கள். பலமுறை தோய்த்து மெலிந்த பழைய பருத்தி வேட்டிக்கு அவை ஈடாகமாட்டா என்பது எமது அபிப்பிராயம். நனைத்து இறுகப் பிழிந்த வேட்டியை விரித்து, இழுத்துத் தேய்க்காமல் ஒற்றி நீரை எடுத்து, உடனே உலர்ந்த மற்றொன்றால் துடைத்தல் வேண்டும். கண்ணாடியின் பின்புறம், ஆசனத்தின் ஓரம், விளக்கின் வளையம் ஆகிய இடங்களில் ஒளிந்திருக்கும் நீர், நாம் திரும்பியவுடன் வழிந்து எம்மை ஏமாற்றும். செயினையும் துடைத்து எண்ணெய் இடவேண்டும். பிறேக்கினுள் ஈரம் இருக்குமாதலால், மெல்ல ஓட்டி இரண்டொருமுறை பிறேக்கை அழுத்திப் பார்த்த பின்னரே வீதிக்கு இறங்கவேண்டும். ஒருமுறை இதனை மறந்து, ஒழுங்கை முகப்பிலுள்ள அயலவர் வேலியோடு உறவு கொண்டாடினோம்.

பழைய புள்ளிகளுக்கு வினாகிரியைச் சம அளவு நீரிற் கலந்து, துணியில் நனைத்து ஒற்றி, சிறிது பொறுத்து, நன்றாகக் கழுவிவிடுதல் வேண்டும். பித்தளை விளக்கைப் புளியிட்டுத் துலக்கும் எம் பாட்டிமார் இப்புளிப்பின் வலிமையை முன்னரே அறிந்தவர்கள்.

இவ்வளவும் செய்தும் ஆசை அடங்கவில்லை. மழைநீரில் உப்பு ஏறக்குறைய இல்லை. அதில் இறுதியாக அலசினாற் புள்ளியே விழாது என்று ஒரு நண்பர் சொல்லிவிட்டார். எமது முற்றத்தில் 5000 லீற்றர் கொள்ளும் மழைநீர்த் தொட்டி உண்டு. அது குடிநீர். வவுனியாப் பக்கத்து ஊர்கள் சிலவற்றிற் சிறுநீரக நோய் மிகுந்ததற்குக் கிணற்று நீர் எவ்வளவு காரணம் என்பதை ஆராய்ச்சியாளர் இன்னும் ஆய்ந்துகொண்டிருக்கிறார்கள். எம் அன்னையார் அம்முடிவுக்குக் காத்திருக்கவில்லை. நால்வர் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 20 லீற்றர் வீதம் 250 நாள். மார்கழி கழிந்து தைப்பொங்கலிலிருந்து எண்ணினால் புரட்டாதியிலேயே தொட்டி வற்றிவிடும். எமக்கு மாரிமழையோ ஐப்பசியிலேதான். இக்கணக்கை அவர் சுவரிற் கரியால் எழுதாத குறை.

ஆடி மாதத்து ஒரு ஞாயிறு, அவர் கோயிலுக்குச் சென்றிருந்த சமயம், நாம் அத்தொட்டியிலிருந்து ஒரு வாளி எடுத்தோம். வண்டி பளிங்குபோல் நின்றது. திரும்பி வந்தவர் வண்டியைப் பார்த்தார்; வாளியைப் பார்த்தார்.

“தம்பி, குடிக்கிற தண்ணியை இரும்புக்கோ ஊத்தினனீ?”

அவ்வளவே. மாலையில் எல்லார்க்கும் தேநீர் வந்தது. எமது கோப்பையின் மேல் மட்டும் ஆடைபோல் ஏதோ மிதந்தது, சுவையும் வேறாயிருந்தது. எமக்கென்று தனியே கிணற்று நீரிற் போட்டிருந்தார். மறுநாளும், அதற்கு மறுநாளும் அப்படியே. ஒரு வாளி நீருக்குரிய தேநீர்க் கடனை அடைத்து முடித்தோமா என்று கேட்கும் துணிவு எமக்கு வரவில்லை. தங்கை மட்டும் கோப்பைக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். அதன் பின்னர் புரட்டாதி முடியும் வரை, கழுவுதலை ஒரு வாளிக்குள் அடக்கி, வேட்டியையே நம்பினோம்.

ஐப்பசியில் முதல் மழை இரவில் இடித்துக்கொண்டு வந்தது. கூரையிற் படிந்த புழுதியும் சருகும் எச்சமும் தொட்டிக்குட் செல்லாதிருக்க, அன்னையார் குழாயை விலக்கிவிடுவது வழக்கம். விடிந்து பார்த்தபொழுது, விலக்கிய குழாயின் கீழ் எமது வாளியும், அதனருகே வீட்டிலுள்ள மிகப் பெரிய அண்டாவும் நிரம்பி வழிந்துகொண்டிருந்தன.

“இது குடிக்க உதவாது. வடிச்சு, தெளிய விட்டு, உன்ரை குதிரைக்கு ஊத்து,” என்றார்.

வேட்டியால் இருமுறை வடித்து, தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் மொண்டு அந்த ஞாயிறு அலசினோம். துடைத்து முடிக்கையில் வெயில் எழுந்துவிட்டது. தாங்கியிற் புள்ளி ஒன்றும் இல்லை. பூப்பறிக்க வந்த அன்னையார் சற்றே நின்றார். குனிந்து, கறுப்புத் தாங்கியில் தம் முகத்தைப் பார்த்து, காதோரத்து நரைமுடியை ஒதுக்கிக்கொண்டு சென்றார்.