மாமா வீட்டுத் துப்பாக்கி

சின்னாளப்பட்டி என்றதும் யாருக்கும் சேலைதான் ஞாபகத்துக்கு வரும். திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் சாலையில் பத்துப் பதினோரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊர். தறிச் சத்தமும் சுங்குடிப் புள்ளியும் அதன் அடையாளங்கள். ஊரை ஒட்டினாற்போல், 1947-இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் ஆரம்பித்த காந்திகிராமம். ஒரு பக்கம் சேலை, மறு பக்கம் அஹிம்சை. இப்படிப்பட்ட ஊரில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்டால், அது நியாயமான கேள்விதான்.

கிழக்கே பார்த்தால் பதில் தெரியும். அங்கே சிறுமலை நிற்கிறது. மலையடிவாரத்தில் நிலம் வைத்திருப்பவருக்குக் காட்டுப்பன்றி அழையாத விருந்தாளி. கடலை முற்றுகிற சமயத்தில் ஒரு கூட்டம் ஒரே ஒரு ராத்திரி இறங்கினால் போதும். உழுதவன் கணக்குப் பார்க்க வேண்டிய சிரமம் இல்லாமல் போய்விடும். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் இந்தக் கஷ்டத்தை உணர்ந்திருக்கிறது. மெய்யாகவே பயிரைக் காப்பதற்கென்று கேட்பவருக்கு, குழலின் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கு லைசென்சு தர அதில் இடம் உண்டு. ஆனால் 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்பிறகு பன்றியை இஷ்டம்போலச் சுட முடியாது. ஆகவே சட்டத்துக்குப் பயந்த மனிதர்களின் துப்பாக்கி, சத்தம் மட்டும் போடுகிற காவல்காரனாக மாறிப்போயிற்று.

திண்டுக்கல் சீமைக்குத் துப்பாக்கி புதிதும் அல்ல. 1755-இல் மைசூரிலிருந்து பௌஜ்தாராக வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக்காரர்களின் துணையோடு இங்கே ஆயுதச் சாலை நடத்தினார். பூட்டுக்குப் பேர்போன ஊர் வேறு. துப்பாக்கியில் குதிரையும் வில்லும் விசையும் சேர்ந்த பகுதிக்கு ஆங்கிலத்தில் ‘லாக்’ என்றுதான் பெயர். வில் தளர்ந்தால் பூட்டும் கெடும், துப்பாக்கியும் கெடும்.

என் மாமாவிடம் இருந்தது அப்படிப்பட்ட ஒற்றைக்குழல் துப்பாக்கி. அளவாகக் கருமருந்தைக் கொட்டி, அதன்மேல் துணியை அடைத்து, கம்பியால் இடித்து, குழலின் அடியில் உள்ள சிறு காம்பில் கேப்பை மாட்டி, குதிரையை இழுத்து விட வேண்டும். ஒரு தடவை சுட்டுவிட்டு மறு தடவைக்குத் தயாராவதற்குள் பன்றி அடுத்த ஊர் எல்லைக்குப் போய்விடும். மாமாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. முதுமையில் நிலத்தைக் குத்தகைக்கு விட்ட பிறகு, அது கூடத்துச் சுவரில் முருகன் படத்துக்கு அருகில் சுமார் பத்து வருஷம் தொங்கிற்று.

மாமா காலமானதும் பிரச்சினை எழுந்தது. லைசென்சுக்காரர் இறந்துவிட்டால் ஆயுதத்தை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. காவல் நிலையத்திலோ லைசென்சு பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட வேண்டும். வாரிசுக்கு வேண்டுமானால் தன் பெயரில் லைசென்சு கேட்டு விண்ணப்பிக்கலாம்.

“அவர் கை பட்ட பொருளுப்பா. அது வீட்டை விட்டுப் போகக் கூடாது” என்றாள் அத்தை.

மாமா மகனுக்கும் அதே எண்ணந்தான், காரணம் வேறு. அவன் நாற்பது வயதிலும் சிவகாசி லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் சாகசங்களை விடாமல் வாசிக்கிறவன். ஜெய்சங்கர் குதிரை மேலிருந்து சுட்ட ‘கங்கா’ படத்தை எத்தனை தடவை பார்த்தான் என்று அவனுக்கே கணக்குத் தெரியாது. அமெரிக்காவில் கௌபாய்த் துப்பாக்கிப் பந்தயம் என்று ஒன்று நடக்கிறது, அது தெரியுமா என்று என்னைக் கேட்டான். அதைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். அதற்கென்று 1987-இல் ஏற்பட்ட ஒரு சங்கமே இருக்கிறது. குமாஸ்தாக்களும் டாக்டர்களும் பல்லுப்போன தாத்தாக்களும் அகலத் தொப்பி வைத்து, ஆளுக்கொரு புனைபெயர் சூட்டிக்கொண்டு, இரும்புத் தகடுகளைச் சுடுகிறார்கள். கருவிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் மாதிரிகளாக இருக்க வேண்டும்: 1873-ஆம் வருஷத்துக் கோல்ட் ரிவால்வர் போல இரண்டு, வின்செஸ்டர் போல ஒரு துப்பாக்கி, பழைய பாணி ரவைத் துப்பாக்கி ஒன்று. அசல் கிடைக்காதவர்கள் இத்தாலியில் செய்கிற நகல்களை வாங்குகிறார்கள்.

அந்தப் பந்தயத்தில் என் மனசைக் கவர்ந்தது தொப்பி அல்ல, ஒரு விதி. ரிவால்வரில் ஆறு அறை உண்டு. ஆனால் ஐந்தில்தான் தோட்டா போடலாம். பழைய கோல்ட்டில் குதிரையின் முனை தோட்டாவின் மேலேயே படிந்திருக்கும். கீழே விழுந்து அடிபட்டால் தானாக வெடிக்கும். அதனால் ஆறாவது அறையைக் காலியாக விட்டு, குதிரையை அதன்மேல் இறக்கி வைக்கிறார்கள். வேடிக்கை விளையாட்டுக்காரர்கள் வேடிக்கை பார்க்காத இடம் அது.

காவல் நிலையத்தில் தகவல் சொல்லிவிட்டு, துப்பாக்கியை ஒப்படைக்க மதுரையில் ஓர் ஆயுதக் கடைக்குப் போனோம். கடைக்காரர் எழுபது வயதுப் பெரியவர். துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் அழகைப் பார்க்கவில்லை, விலை கேட்கவில்லை. குழலின் வாயை ஆளில்லாத சுவர்ப் பக்கம் திருப்பினார். இடிக்கும் கம்பியை உருவிக் குழலுக்குள் மெல்ல இறக்கினார். அது நின்ற இடத்தில், வாயருகே கட்டை விரலால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே எடுத்தார். அதே கம்பியைக் குழலின் வெளிப்புறத்தில் அளவு பிடித்து வைத்தார். கம்பியின் நுனி, கேப் மாட்டும் காம்பு வரை எட்ட வேண்டும். நான்கு விரற்கடை குறைந்தது.

“தம்பி, உள்ளே மருந்து இருக்கு” என்றார்.

மாமா மகனின் முகத்தில் ரத்தம் இல்லை. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் போதெல்லாம் அவன் பிள்ளைகள்தாம் அந்தத் துப்பாக்கியை இறக்கி வைத்துக்கொண்டு போலீஸ் விளையாடியவர்கள். தீபாவளிப் பொட்டு வெடி ஒன்றை அந்தக் காம்பின்மேல் வைத்துக் குதிரையைத் தட்டிப் பார்க்க ஒரு பிள்ளைக்கும் தோன்றாமல் போனது தெய்வாதீனம். பத்து வருஷத்து மருந்துதானே என்று நினைக்கக் கூடாது. ஈரம் படாமல் அடைபட்டுக் கிடந்தால் கருமருந்துக்கு வயதே ஆவதில்லை. 1865-இல் முடிந்துபோன அமெரிக்க உள்நாட்டுப் போரின் பீரங்கிக் குண்டு ஒன்று, 2008-இல் விர்ஜீனியாவில் அதைச் சுத்தம் செய்துகொண்டிருந்தவரைக் கொன்றது.

பெரியவர் காம்பின் வழியாகவும் வாயின் வழியாகவும் தண்ணீர் விட்டு ஊற வைத்தார். மறுநாள் கம்பி நுனியில் திருகாணி மாட்டி, அடைப்பை இழுத்தெடுத்தார். கறுப்புச் சேறும் ஒரு துணிச் சுருளும் வந்தன. ரவை ஒன்றுகூட இல்லை. மாமா சத்தத்துக்குத்தான் கெட்டித்திருக்கிறார். சுடாமலே திரும்பிய ஏதோ ஒரு விடியற்காலையில் மறந்திருக்கிறார்.

“பழசை வாங்கறவங்க மேலே உள்ள பித்தளை வேலைப்பாட்டைப் பார்ப்பாங்க. நான் மூணு இடம் பார்ப்பேன்” என்றார் பெரியவர். முதலாவது, குழலின் அடிப்பகுதி. வெடிப்பின் முழு வேகத்தையும் தாங்குவது அதுதான். அங்கே துரு குழி பறித்திருந்தால், மருந்து முன்னால் போகாமல் பக்கவாட்டில் வந்து சுடுகிறவன் முகத்தைப் பார்க்கும். இரண்டாவது, குதிரையின் பாதி இழுப்பு. பாதியில் நிறுத்தி விசையை அழுத்தினால் குதிரை விழக்கூடாது. மூன்றாவது, கட்டையில் விரிசல்.

பராமரிப்பையும் சொன்னார். கருமருந்து என்பது நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு வெடியுப்பு. மிச்சம் கரியும் கந்தகமும். வெடித்த பிறகு குழலில் படிகிற உப்புக் கரி, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். எண்ணெய் அதைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். சுட்ட அன்றைக்கே கொதிநீர் விட்டுக் கழுவ வேண்டும். சூடேறிய இரும்பு தானே உலர்ந்துவிடும். அதன்மேல்தான் எண்ணெய்த் துணி. துப்பாக்கி வைத்திருக்கிறவன் சுடுகிற நேரம் ஒரு நொடி, கழுவுகிற நேரம் அரை மணி.

மாமாவின் குழலில், அடியில், குழி விழுந்திருந்தது. கொல்லனிடம் கொடுத்துச் சரிசெய்கிற காரியம் அல்ல என்று பெரியவர் கையை விரித்துவிட்டார்.

துணிச் சுருளை அலசி அத்தையிடம் காட்டினோம். அரக்கு நிறம் மங்கி, வெள்ளைப் புள்ளிகள் நாலைந்து மிஞ்சியிருந்தன.

“என் சேலைதான். கிழிஞ்சதைக் கேட்டு வாங்கிட்டுப் போவாரு” என்றாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மகனைப் பார்த்து, “அவரு உள்ளவரைக்கும் வெந்நீர் நான்தான் போட்டுக் கொடுத்தேன். ராத்திரி எத்தனை மணிக்கு வந்தாலும் கழுவிட்டுத்தான் சாப்பிடுவாரு. நீ கழுவுவியா?” என்றாள்.

அவன் பதில் சொல்லவில்லை.

“அப்ப வேண்டாம். சர்க்காருக்கே குடுத்துடு” என்றாள் அத்தை. அப்படியே செய்தோம். துணி மட்டும் அவளிடம் இருக்கிறது.

முன்னோர் பொருளைக் காப்பது புண்ணியம் என்று நமக்கு ஓர் எண்ணம். வீணையானாலும் பூட்டானாலும் அது சரிதான். சும்மா கிடந்தால் அவை மௌனமாகத்தான் இருக்கும். துப்பாக்கி அப்படி அல்ல. அதைக் கையாண்டவரின் சிரத்தையும் சேர்ந்து வந்தால்தான் அது சொத்து. சிரத்தை வராமல் இரும்பு மட்டும் வந்தால், வீட்டுக்குள் ஒரு கேள்வி தொங்குகிறது என்றுதான் அர்த்தம். கம்பியை உள்ளே விட்டு அளந்து பார்க்கத் தெரியாதவர்கள் அதைச் சுவரில் மாட்டி அழகு பார்க்காமல் இருப்பதே மேல்.