மயில் கழுத்தும் ஒரு சின்னக் கம்பியும்



முருகன் சந்நிதிக்குத் தைத்துக்கொண்டிருக்கும் புதுத் திரையைப் பார்த்துவிட்டு நிறைய பேர் கேட்கிறீங்க: "மயில் கழுத்து மட்டும் எப்படி இப்படி மின்னுது, மிஷின்ல போட்டதா?" இல்லீங்க, முழுக்கக் கைவேலைதான். கூட ஒரு சின்னக் கம்பி உதவி செய்யுது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

பார்க்க குத்தூசி மாதிரி இருக்கும். மரப்பிடி, முனை மழுங்கல். குத்துவதற்கு இல்லை, நூலைப் படிய வைப்பதற்கு. ஜப்பான்காரர்கள் பட்டு நூல் வேலையில் இதே மாதிரி ஒன்றை வைத்திருக்கிறார்கள், அதற்குப் பெயர் தெகோபரி. நம் குழுத் தங்கச்சி ஒருத்தி கைவேலைக் கடையில் பார்த்து வாங்கி வந்தாள்.

எம்பிராய்டரி நூலில் ஆறு இழை இருக்கும். தைக்கத் தைக்க அது முறுக்கிக்கொள்ளும். ஒரு இழை மேலே, ஒரு இழை கீழே என்று ஏறி இறங்கினால் வெளிச்சம் சிதறி, தையல் மங்கலாத் தெரியும். ஊசி துணிக்குள்ளே இறங்கும்போது இந்தக் கம்பியை நூலுக்கு அடியில் கொடுத்து லேசாக நீவிவிட்டால், இழைகள் பாய் விரித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொள்ளும். மினுமினுப்பு அங்கேதான் வருது.

எடுத்தவுடனே திரையில் கை வைக்கவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேஸ்ட் துணியில் தைத்துப் பார்த்தோம். ஒரே மாதிரி இரண்டு இறகு, ஒன்று கம்பி இல்லாமல், இன்னொன்று கம்பியோடு. விளக்கு வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் பளிச்சுன்னு தெரிஞ்சுது. ஆனா நேரம்? முதல் இறகு 20 நிமிஷம், அடுத்தது 40. எங்களில் பாதிப் பேர் ஃபேக்டரியில் வேலை செய்கிறவர்கள். "கம்பெனியா இருந்தா இதை லைன்லேயே சேர்க்க மாட்டோம்"னு சிரித்துக்கொண்டோம்.

நிர்வாகத்திலும் ரெடிமேட் திரை வாங்கிடலாமே என்று ஒரு பேச்சு இருந்தது. தப்பு சொல்ல முடியாது, தைப்பூசம் நெருங்குது. ஆனா யோசிச்சுப் பாருங்க. அலங்காரம் நடக்கும்போது திரை போட்டிருப்பாங்க. அந்த நேரம் முழுக்க நம் கண் முன்னால் இருப்பது திரைதான். வேண்டுதலோடு வந்தவங்க அதைப் பார்த்துக்கிட்டுத்தான் நிற்கிறாங்க. அதில் ஒரு மயிலாவது நம்ம ஆட்கள் கைபட்டதாக இருக்கட்டும் என்று கேட்டோம். நிர்வாகமும் சம்மதித்தது.

இன்னொரு காரணமும் இருக்கு. பழைய திரையைத் தைத்த பெரியம்மாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. விரல் மூட்டெல்லாம் வீங்கி, ஊசியைப் பிடிக்க முடியவில்லை. "இனிமே நான் எதுக்கும்மா, நீங்களே பார்த்துக்குங்க"ன்னு போன வருஷமே ஒதுங்கிட்டாங்க. இந்தக் கம்பியின் பிடி தடிமன். சும்மா கையில் கொடுத்துப் பார்த்தோம், பிடிக்க முடிந்தது. இப்போது சட்டத்துக்கு அந்தப் பக்கம் பெரியம்மா, இந்தப் பக்கம் எங்களில் ஒருத்தர். நாங்க ஊசியை இறக்க, அவங்க நூலை நீவி விடறாங்க. எந்த இழை முறுக்கியிருக்குன்னு எங்களுக்கு முன்னால் அவங்க கண்ணுக்குத்தான் தெரியுது. "இழுக்காதே, கொஞ்சம் நில்லு"ன்னு அதட்டலும் திரும்பி வந்துடுச்சு!

வீட்டில் தைக்கிறவங்களுக்குச் சில குறிப்பு:

நூலை ஒரு முழத்துக்கு மேல் வெட்டாதீங்க. இழைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, பிறகு சேர்த்துக் கோருங்க. முறுக்கினால் ஊசியைத் தொங்க விடுங்க, தானே சுற்றிப் பிரியும். இரண்டு கையும் வேண்டும் என்பதால் சட்டத்தை மேசையில் இறுக்கிக்கொள்ளுங்க. ஜரிகையை மட்டும் கம்பியால் தேய்க்க வேண்டாம், மேல் பூச்சு உரியும். அதைத் துணிமேல் வைத்து மெல்லிய நூலால் பிடித்துத் தைத்தால் போதும். கம்பி கிடைக்கலையா, முனை மழுங்கிய தடி ஊசியே போதும்.

தோகை இன்னும் பாதி இருக்கு. ஞாயிறு காலை பூஜை முடிந்து, பசியாறிவிட்டு மண்டபத்தில் உட்காருவோம். தைக்கத் தெரியாட்டியும் பரவாயில்லை, நூல் பிரிக்க ஆள் வேண்டும். வீட்டில் "என்னால் இனி முடியாது" என்று சொல்லும் பாட்டி, அம்மா இருந்தால் அவங்களையும் கூட்டிட்டு வாங்க. பெரியம்மா பக்கத்தில் இடம் இருக்கு.

வேலும் மயிலும் துணை.