கடைக்கு மேல் ஒரு குடும்பம்

எங்கள் கொல்லிமலையில் வீடு வேறு, சந்தை வேறு. மிளகும் பலாவும் அன்னாசியும் விளைவித்தவர், அவற்றைச் சோளக்காட்டுச் சந்தைக்குக் கொணர்ந்து விற்று, பொழுது சாயுமுன் தம் ஊர் திரும்புவர். ஆதலின், வணிகமும் குடும்பமும் ஒரே கூரையின்கீழ் அமைந்த வாழ்வு எனக்குப் புதுமையாகவே தோன்றிற்று. மகனைக் காணச் சிங்கப்பூர் சென்றபோது, சிராங்கூன் சாலைப் பகுதியில் அத்தகைய கடைவீடுகளை வரிசை வரிசையாகக் கண்டேன். கீழே கடை, மேலே குடியிருப்பு. விக்டோரியா அரசியார் காலத்திலும் அதனை அடுத்தும் அந்நகரில் பரவிய அமைப்பு இது.

முகப்பின் அகலம் ஏறத்தாழப் பதினைந்து, இருபது அடிதான். உட்புறமோ நீண்டுகொண்டே செல்லும். இதற்குக் காரணம் உண்டு. அடுத்தடுத்த இரு வீடுகளுக்கும் நடுச்சுவர் பொது. அச்சுவர்களின்மீதே மர உத்தரங்கள் குறுக்காகக் கிடக்கின்றன. உத்தரத்தின் நீளம் எவ்வளவோ, வீட்டின் அகலமும் அவ்வளவே. நீண்ட வீடு இருண்டுவிடாதபடி நடுவில் வானம் பார்த்த முற்றம் விட்டிருக்கிறார்கள். மேல்மாடிப் பலகணிகளின் சாய்ந்த மரச்சட்டங்கள் வெயிலைத் தடுத்துக் காற்றை உள்ளே விடுகின்றன. சில வீடுகளில் மேல்தளப் பலகையில் ஒரு சிறு துவாரம்! இரவில் கதவைத் தட்டுபவர் யாரென்று மேலிருந்தே பார்ப்பதற்காம்.

எல்லாவற்றினும் என் மனத்தைக் கவர்ந்தது கடைமுன் உள்ள நடைவழியே. அங்குள்ள தமிழர் அதனை ‘அஞ்சடி’ என்பர். ஒவ்வொரு வீட்டாரும் தம் வாசலில் கூரையிட்ட வழி விடவேண்டுமென்று 1822-இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்திலேயே விதி இருந்தது. மேல்மாடியே அந்நடைக்குக் கூரை. வெயிலோ மழையோ, வழிப்போக்கர் நனையாமலும் வாடாமலும் தெருவின் கோடிவரை நடக்கலாம்.

ஆயினும் அழகை மட்டும் சொல்லி அமைவது முறையன்று. பல கடைவீடுகளின் மாடிகள் சன்னலில்லாச் சிற்றறைகளாகத் தடுக்கப்பட்டு, கூலித் தொழிலாளர் நெருக்கியடித்து வாழ்ந்த இடங்களாயின. நோய் மலிந்தது. சிம்சன் என்னும் சுகாதார வல்லுநர் 1907-இல் அளித்த அறிக்கை இந்நிலையை அம்பலப்படுத்தியது. அதன்பின்னரே வீடுகளின் பின்புறம் சந்துகள் திறக்கும் முயற்சி வலுப்பெற்றது. கூரை ஒன்றே போதாது. காற்றும் ஒளியும் ஏழைக்கும் உரியவை என்பதை உணர அத்தனை காலம் ஆயிற்று.

சிராங்கூன் பகுதியை 1989-இல் பாதுகாப்புக்குரியதாக அந்நாட்டு அரசு அறிவித்தது. அதனால் முகப்புகள் நிலைத்தன. ஆனால் பல மாடிகளில் இன்று குடும்பங்கள் இல்லை. அலுவலகங்களும் விடுதிகளுமே உள்ளன.

இப்பொழுது நம் மலையிலும் சாலையோரம் கீழே கடையும் மேலே வீடுமாகக் கான்கிரீட் கட்டடங்கள் எழுகின்றன. வளர்ச்சி வேண்டியதுதான். ஆனால் இரும்புக் கதவைச் சாலை விளிம்புவரை கொணர்ந்து நிறுத்துகிறோம். சுமையோடு வரும் மூதாட்டி மழைக்கு ஒதுங்க ஒரு முழ இடமும் விடுவதில்லை. வழிப்போக்கருக்குத் திண்ணை அமைத்தவர் நம் முன்னோர். புதிதாகக் கட்டும் அன்பர்கள் தம் மனையில் ஐந்தடியை அயலாருக்கென்று விடுவார்களாயின், அவ்வீட்டின் மதிப்பு சிறிதும் குறையாது; பெருகவே செய்யும்.