குளிர்ந்த படுக்கைகள்

பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையூர்களின் நகராட்சிகளிலும் சுற்றுலாத் துறையிலும் அன்றாடம் புழங்கும் ஒரு தொடர் 'லி ஃப்ருவா'. குளிர்ந்த படுக்கை என்பது அதன் நேர்ப்பொருள். ஆண்டுக்கு நான்கு வாரங்கள்கூட யாரும் உறங்காத படுக்கை அது. வாரந்தோறும் ஆள் மாறும் விடுதிப் படுக்கைக்குச் சூடான படுக்கை என்று பெயர். ஓர் ஊரின் செல்வத்தை வீடுகளின் எண்ணிக்கையால் அளக்காமல் படுக்கையின் வெப்பத்தால் அளக்கும் இந்த வழக்கம் சற்றே விசித்திரமானது. அந்த ஊர்கள் எவ்வாறு கட்டப்பட்டன என்பதை அறிந்தால் விசித்திரம் நீங்கிவிடும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டே, 1946-இல், சவுவா மாவட்ட நிர்வாகம் கூர்ஷெவெலில் வெற்று மேய்ச்சல் நிலத்தின்மீது ஒரு பனிச்சறுக்கு ஊரை எழுப்பத் தொடங்கியது. 1964-இல் பிரெஞ்சு அரசு 'பனித் திட்டம்' ஒன்றை வகுத்தது. லா பிளாஞ், லெ ஸார்க், ஃப்ளேன், அவோரியாஸ் போன்ற ஊர்கள் வளர்ந்த காலம் அது. ஃப்ளேனுக்கு மார்செல் பிராயரும், லெ ஸார்க்கிற்கு ஷார்லொட் பெரியானும் வடிவம் தந்தனர். கட்டடக்கலை மாணவர்கள் இவ்வூர்களை வியப்போடு படிப்பதில் தவறில்லை. ஆனால் அந்த வியப்பில் கணக்கு மறைந்துபோகிறது. மலையுச்சிக்கு ஆட்களை ஏற்றிச்செல்லும் கம்பிவட நாற்காலிகளை நிறுவப் பெரும் முதல் வேண்டும்; அவை தொடக்க ஆண்டுகளில் இலாபம் தருவதில்லை. அந்தக் குழியை நிரப்பியது அடுக்ககங்களை விற்று வந்த பணம். வீடு வாங்கியவர் தமக்கு ஒரு சன்னலையும் மலைக்காட்சியையும் வாங்கியதாகவே எண்ணினார். உண்மையில் அவர் ஒரு நாற்காலி வரிசைக்கு முதலீடு செய்திருந்தார்.

லியோன் நகரத்துப் பள்ளி ஆசிரியத் தம்பதி ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளலாம். எழுபதுகளில் அவர்கள் வாங்கக்கூடியதாக இருந்தது, 'ஸ்தூடியோ கபீன்' எனப்படும் இருபத்தைந்து சதுர மீட்டருக்கும் குறைவான ஓரறை வீடு. நுழைவாயில் நடையிலேயே கப்பல் அறையைப்போல ஒன்றன்மேல் ஒன்றாக இரு பலகைக் கட்டில்கள். உள்ளே விரித்தால் படுக்கையாகும் சோபா. கூடத்தை நோக்கித் திறந்த சமையல் மூலை. பிப்ரவரி விடுமுறையில் நால்வர் அதற்குள் அடங்கிவிடுவர். ஈரக் கையுறைகள் மின்சூடேற்றியின்மேல் காயும் வாடை அந்தக் குழந்தைகளுக்குக் குளிர்காலத்தின் வாடையாகவே நினைவில் நின்றுவிடும். முதலீட்டுக் கணக்கு எதிலும் இந்த வாடை ஏறுவதில்லை. ஆனால் அதன்பொருட்டே வீடுகள் வாங்கப்படுகின்றன.

எண்பதுகளுக்குப் பின் வாங்க வந்தவர்களுக்கு இன்னொரு கதவு திறந்தது: குத்தகையோடு சேர்ந்த விற்பனை. புதிய வீட்டின் விலையில் அடங்கிய மதிப்புக் கூட்டு வரியை, இன்றைய விகிதப்படி 20 விழுக்காட்டை, அரசு திருப்பித் தரும். பதிலுக்கு உரிமையாளர் வீட்டைக் குறைந்தது ஒன்பது ஆண்டுகளுக்கு ஒரு விடுதி நிறுவனத்திடம் வணிகக் குத்தகைக்கு விடவேண்டும். சில வாரங்களைத் தமக்கென ஒதுக்கிக்கொள்ளலாம். 'உறுதியான வருமானம்' என்று விளம்பரத் தாள்கள் கூறின. அத்தாளில் பெரிதாக அச்சாகாத மூன்று செய்திகள் உண்டு. அந்த உறுதி நிறுவனம் பிழைத்திருக்கும் வரைதான். வரிச் சலுகையை முழுமையாக வைத்துக்கொள்ள இருபது ஆண்டுகள் அந்த ஏற்பாட்டில் நீடிக்கவேண்டும். இடையில் விலகினால் எஞ்சிய ஆண்டுகளுக்கு ஏற்ப வரியைத் திருப்பிக் கட்டவேண்டும். குத்தகையைப் புதுப்பிக்க மறுத்தாலோ, வெளியேறும் நிறுவனத்துக்கு உரிமையாளரே இழப்பீடு தரவேண்டும். ஆகவே ஒன்பதாம் ஆண்டில் நிறுவனம் வாடகையைக் குறைக்கச் சொல்லும்போது, தனித்தனியே வாழும் நூற்றுக்கணக்கான சிறு உரிமையாளர்களிடம் மறுக்கும் வலிமை இருப்பதில்லை. வாங்குபவருக்குப் பத்து நாள் மறுபரிசீலனை உரிமையைப் பிரெஞ்சுச் சட்டம் தந்திருக்கிறது. ஆனால் இருபது ஆண்டுச் சிக்கல் பத்து நாளில் புலப்படுவது அரிது.

உயரத்துக்கும் ஒரு விலை உண்டு. மலையூர்கள் தம் பெயரோடு மீட்டர் எண்ணை ஒட்டிக்கொள்வது வெறும் புவியியல் அன்று: ஆர்க் 1600, ஆர்க் 1800, ஆர்க் 2000. (புகழ்பெற்ற கூர்ஷெவெல் 1850-இன் மையப் பகுதி அந்த எண்ணைவிடக் கீழே இருப்பது ஒரு பழைய வேடிக்கை.) இன்று இந்த எண்ணைத்தான் வாங்குபவர் முதலில் பார்க்கிறார். கிரெனோபிளுக்கு அருகே 1325 மீட்டர் உயரத்திலுள்ள கோல் து போர்ட் ஆய்வுநிலையம் 1960 முதல் பனியை அளந்துவருகிறது. 1960–1990 சராசரியோடு ஒப்பிட்டால், அடுத்த முப்பது ஆண்டுகளில் குளிர்காலப் பனியின் சராசரி ஆழம் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது. தெற்கு ஆல்ப்ஸில் செயூஸ் என்னும் சிற்றூரின் சறுக்குத் தளம் 2018-இல் மூடப்பட்டு, பின்னர் அதன் கம்பிவடங்களும் அகற்றப்பட்டன. நாற்காலி நின்றுபோனபின் அதற்காக வாங்கிய வீட்டின் விலை என்ன? இக்கேள்விக்கு நோட்டரியின் பத்திரத்தில் இடமில்லை.

எழுபதுகளின் கான்கிரீட் அடுக்ககங்கள் வெப்பத்தைத் தாங்கி வைப்பதில்லை. ஆற்றல் தரவரிசையில் கடைசியான 'ஜி' பெறும் வீட்டைப் புதிதாகக் குடித்தனத்துக்கு விட 2025 முதல் தடை. 2028-இல் 'எஃப்' தரத்துக்கும் அது நீளும். சுவர்களுக்குக் காப்பு போடுவது தனியொருவர் முடிவன்று. அடுக்ககத்தின் பொதுக்கூட்டம் வாக்களிக்கவேண்டும். வாக்காளர்களோ பாரிசிலும் பிரசெல்சிலும் இலண்டனிலும் சிதறியிருக்கிறார்கள். பிரெக்ஸிட்டுக்குப் பின் நீண்டகால விசா இல்லாத ஆங்கிலேயர் தம் சொந்த வீட்டிலேயே 180 நாளில் 90 நாளுக்குமேல் தங்கமுடியாது. பராமரிப்புக் கட்டணம் மட்டும் ஆண்டு முழுவதற்கும் வரும்.

இவர்களுக்காக இரங்குவோர் அதே ஊரின் வாகன நிறுத்தத்தையும் ஒருமுறை பார்க்கவேண்டும். நாற்காலிகளை இயக்குவோரும் சமையலறையில் பாத்திரம் கழுவுவோரும் அங்கே பழைய வேன்களுக்குள் குளிர்காலத்தைக் கழிக்கிறார்கள். எதிரே மூடிய மரக்கதவுகளோடு நூற்றுக்கணக்கான வீடுகள். ஊரில் பிறந்த செவிலியருக்கு அங்கே வாடகை கட்டுப்படியாகாது. இளங்குடும்பங்கள் பள்ளத்தாக்கில் இறங்கிவிட, பள்ளி வகுப்புகள் மெலிகின்றன. 2023 முதல் முதன்மை வீடுகளுக்கு நீக்கப்பட்ட வசிப்பிட வரி, இரண்டாம் வீடுகளுக்கு மட்டும் நீடிக்கிறது. வீட்டுத் தட்டுப்பாடு மிகுந்த ஊர்கள் அதன்மேல் 60 விழுக்காடு வரை கூடுதல் வரி விதிக்கலாம். 2024 நவம்பர்ச் சட்டம் ஒருபடி மேலே சென்றது: குறித்த பகுதிகளில் எழும் புதுக் கட்டடங்களை நிரந்தரமாக வசிப்போருக்கு மட்டுமே ஒதுக்க நகராட்சிகளுக்கு அதிகாரம் அளித்தது. ஷாமொனி அதை முதலில் கையிலெடுத்த ஊர்களுள் ஒன்று. விதி புதுக் கட்டடங்களுக்குத்தான். ஏற்கெனவே குளிர்ந்துகிடக்கும் படுக்கைகளை அது தொடுவதில்லை.

ஆசிரியத் தம்பதி இன்று இல்லை என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் இருவருக்கும் வீடு பிரிக்கப்படாத பொதுச்சொத்தாக வந்துசேர்ந்திருக்கிறது. விற்க இருவரும் சம்மதிக்கவேண்டும். மூத்தவர் கணக்குப் பார்க்கிறார்: வரி, பராமரிப்பு, வரவிருக்கும் சுவர்க் காப்புச் செலவு, விற்றுவிடலாம் என்கிறார். இளையவள் அந்தப் பலகைக் கட்டிலின் மேல்தட்டில் உறங்கி வளர்ந்தவள். அவள் மறுமொழி கூறவில்லை. அவளுடைய மகளுக்கு இந்த ஆண்டு ஏழு வயது. இன்னும் பனிச்சறுக்குக் காலணி அணிந்ததில்லை. பிப்ரவரி விடுமுறைக்கு ஒருமுறை வந்துவிட்டு முடிவு செய்யலாம் என்று நோட்டரிக்குக் கடிதம் போகிறது.