ஹார்ன்பி ஐயாவுக்கு ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரிய ஏ. எஸ். ஹார்ன்பி ஐயா அவர்களுக்கு,

நீங்கள் மறைந்தது 1978இல். நீங்கள் தொடங்கிவைத்த அகராதியோ, ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி என்ற பெயரில் இன்றும் என் வகுப்பு மேசைமேல் இருக்கிறது. தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. அவர்களுக்கும் சேர்த்தே இந்த நன்றியை எழுதுகிறேன்.

எங்கள் பிள்ளைகள் உழைக்கத் தயங்காதவர்கள். போட்டித் தேர்வுக்காகச் சொல், பொருள், இணைச்சொல், எதிர்ச்சொல் என்று கோடு போட்டு நோட்டு நோட்டாக எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் பட்டியலில் அக்கம்பக்கமாக இருக்கும் சொற்கள் வாக்கியத்துக்குள் வந்ததும் ஒன்றின் இடத்தை இன்னொன்றுக்குத் தருவதில்லை. ‘ஸ்ட்ராங்’குக்கு இணைச்சொல் ‘பவர்ஃபுல்’ என்று நோட்டு சொல்லும். டீக்கடையில் நாம் கேட்பது ஸ்ட்ராங் டீ. ஆங்கிலத்தில் பவர்ஃபுல் டீ கிடையாது. ‘ஃபேமஸ்’, ‘நொட்டோரியஸ்’ இரண்டுக்கும் ‘பெயர்பெற்ற’ என்று எழுதிவைத்துக்கொண்ட பிள்ளை, தன் ஊர்க் கோயிலுக்கு எதைப் போடும்? எதிர்ச்சொல்லிலும் இதே சிக்கல்தான். ‘ஓல்டு’க்கு எதிர், வீடு என்றால் ‘நியூ’, ஆள் என்றால் ‘யங்’. பள்ளியின் பழைய மாணவர் என்றால் இரண்டுமே ஒட்டாது.

இதையெல்லாம் பிறந்ததிலிருந்து ஆங்கிலம் பேசுகிறவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. அவர்களுக்கென்று எழுதிய அகராதிகளும் சொல்லவில்லை. நீங்கள் 1924இல் ஜப்பானுக்குப் போய் அங்குள்ள மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்தவர். வெளியிலிருந்து வருகிறவருக்கு எங்கே கால் இடறும் என்பதை வகுப்பறையில் நின்று பார்த்தவர். எங்கள் தடுமாற்றத்தை அறிவுக்குறைவாக எண்ணாமல், அகராதியில் இடம்பெற வேண்டிய செய்தியாக மதித்தீர்களே, அதற்குத்தான் முதல் நன்றி.

‘சஜஸ்ட்’ என்ற ஒரு சொல்லையே எடுத்துக்கொள்கிறேன். ‘டெல் மீ’, ‘கிவ் மீ’ என்று பழகிய வாய், ‘சஜஸ்ட் மீ எ புக்’ என்று தானாகப் போய்விடும். பொருளில் குறை இல்லை, அமைப்பில்தான் குறை. வினைச்சொல்லுக்குப் பின்னால் என்னென்ன வரலாம் என்பதை 25 வாய்பாடுகளாக வகுத்து, ஒவ்வொரு வினைக்கும் அது எந்த வாய்பாட்டில் நடக்கும் என்று எண் போட்டுக் காட்டினீர்கள். ‘அட்வைஸ்’, ‘ஃபர்னிச்சர்’ போன்றவை எண்ணிக்கைக்குள் வராத பெயர்கள் என்பதற்கும் ஓர் அடையாளம் வைத்தீர்கள். அந்தச் சின்ன எழுத்து ஒன்று ‘அட்வைஸஸ்’ என்று எழுதாமல் எத்தனையோ பேரைக் காத்திருக்கிறது.

உங்கள் அகராதி வெளிவந்த காலத்தை நினைத்தால் இன்னும் வியப்பாக இருக்கிறது. 1941 டிசம்பரில் ஜப்பானும் பிரிட்டனும் போரில் இறங்கின. உங்களைக் காவலில் வைத்தார்கள். கேட்டன்பியும் வேக்ஃபீல்டும் நீங்களும் தொகுத்த அகராதியை, மறு ஆண்டே டோக்கியோவின் கைதகுஷா பதிப்பகம் வெளியிட்டது. எதிரி நாட்டவரின் மொழி, எதிரி நாட்டவரின் உழைப்பு, ஆனாலும் அச்சேறியது. அந்தப் பதிப்பகத்தாருக்கும் இந்த மடலில் ஒரு கும்பிடு. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு அதையே மறுபதிப்பாகக் கொண்டுவந்த பிறகுதான் மற்ற நாட்டு மாணவர்கள் கைக்கும் வந்து சேர்ந்தது.

அகராதியோடு நிற்காமல், 1961இல் உங்கள் வருமானத்தில் பெரும்பங்கை ஒதுக்கி ஓர் அறக்கட்டளை அமைத்தீர்கள். பல நாட்டு ஆங்கில ஆசிரியர்கள் அந்த உதவியில் மேற்படிப்பு படித்து, தங்கள் ஊர்களுக்குத் திரும்பிக் கற்பிக்கிறார்கள்.

என் மாணவர்கள் இப்போது நோட்டில் ஐந்தாவதாக ஒரு கட்டம் போடுகிறார்கள். அந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து வரும் என்பதை, உங்கள் அகராதியின் எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் பார்த்து அதில் எழுதுகிறார்கள். நிரப்ப நேரம் பிடிக்கிறது. நிரப்பிய சொல்லைத் தயங்காமல் பேசுகிறார்கள்.


ஓர் ஆங்கில ஆசிரியர்